தமுக்குச் சட்டம்

சட்டமன்ற உறுப்பினர் விடுதிக்கு வருகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. மாலையோடு வருகிறவர்கள், மனுவோடு வருகிறவர்கள். ஆவுடையப்பன் மூன்றாவது ரகம், கையை வீசிக்கொண்டு வருவார். சிமெண்ட் ஆலைக்கு வேண்டிய ஒரு திருத்தம், குளிர்பானக் கம்பெனிக்கு வேண்டாத ஒரு விதி என்று எதையாவது ஒரு மாண்புமிகுவின் காதில் போட்டு, அது மாண்புமிகுவின் சொந்த மூளையில் உதித்தது போலவே வாய்வழியாக வெளியே வரவைப்பது அவர் தொழில். வெகுகாலமாகக் கூசாமல் செய்துவந்தார். இந்த வாரம்தான் முதல் தடவையாகக் கூசியது.

அவர் தட்டிய கதவு பூபாலனுடையது. சட்டக் குழுவின் தலைவர். வாசலில் தொங்கிய பெயர்ப் பலகையில் 'செந்நாச் செம்மல், பொருநைப் பெருமுழக்கம், கொள்கைக் கோமேதகம்' என்று தொடங்கிய பட்டங்கள் அடுத்த உறுப்பினரின் கதவை எட்டியிருந்தன. பூபாலன் என்ற பெயரைப் படிக்க விரும்புகிறவர் அடுத்த அறை வாசலில் போய் நிற்க வேண்டும்.

"வாரும்யா ஆவுடை. என்ன, சிமெண்டா?"

"இல்லைய்யா. பிரிவு பதினொண்ணு."

பூபாலன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். மணல் குவாரி விஷயத்துக்குக்கூட அவர் கதவைச் சாத்தியவர் இல்லை.

மாநிலங்களை உடைத்து மறுபடி ஒட்டிய காலத்தில் தாமிரபரணிக் கரையில் உருவானது பொருநை மாநிலம். புதுச் சட்டங்கள் எழுத அப்போது யாருக்கும் பொறுமை இல்லை. வெள்ளைக்காரனும் ஜமீன்களும் போட்டுவிட்டுப் போன சட்டங்களை மூட்டை கட்டி, பிரித்துப் பார்க்காமலே ஏற்றுக்கொண்டார்கள். அதனால் ஒரு கெடுதலும் வரவில்லை. 'நெறிக்காவலன்' வரும்வரை.

நெறிக்காவலன் ஓர் எந்திரம். ஏட்டில் உள்ள எல்லாச் சட்டத்தையும் ஆள் பார்க்காமல், மாமூல் வாங்காமல், லீவு போடாமல் அமல்படுத்தும் என்று சொல்லி முதலமைச்சர் ரிப்பன் வெட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த மாதமே ஜனங்கள் அதற்கு நாத்தனார் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

"செத்த சட்டம்யா அது," என்றார் பூபாலன். "செத்ததைப் போய் எதுக்குக் கொல்லணும்?"

"செத்ததுன்னு நாத்தனாருக்குத் தெரியலையே. போலீஸ்காரன்னா எது செத்தது, எது உசுரோட இருக்குன்னு மோந்து பாத்தே சொல்லிருவான். எந்திரத்துக்கு மூக்கு கிடையாதே."

"அதுசரி, வீட்டுக்குள்ள நடக்கது அதுக்கு எப்படிய்யா தெரியுது?"

"கரண்டு மீட்டர்தான். வீட்ல ரெண்டு பேரு. கல்யாணப் பதிவு இல்ல. ராத்திரி ஒரே ரூம்லதான் ஃபேன் ஓடுது. நாத்தனாருக்கு அது போதும்."

"அடப்பாவி! மின்சார சிக்கனம்னு நாமதானே ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டினோம்!"

பிரிவு பதினொன்று, ஏதோ ஒரு காலத்து ஜமீன்தார் எழுதியது. கல்யாணம் செய்யாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் தங்கினாலும், ஆணும் ஆணுமாகவோ பெண்ணும் பெண்ணுமாகவோ குடும்பம் நடத்தினாலும் குற்றம். ஜெயில் இல்லை, அபராதம் இல்லை. குடியிருக்கும் தெருவில் தமுக்கடித்துப் பெயரைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எழுதிய ஜமீன்தாருக்கே நாலு வீடு இருந்ததாகப் பேச்சு. அந்தக் காலத்தில் மீட்டர் இல்லை, தப்பித்தார்.

நாத்தனார் சட்டத்தை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியது. தமுக்கடிக்க இப்போது ஆள் இல்லை என்று தெரிந்ததும் அருங்காட்சியகத்திலிருந்து ஓசையைத் தேடி எடுத்தது. தெருவிளக்குக் கம்பங்களில் ஒலிபெருக்கி ஏற்கனவே இருந்தது. டண்டணக்கு, டண்டணக்கு. அப்புறம் பெயர், கதவு எண், குற்றம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒவ்வொரு பகுதிக்கு முறை.

வண்ணாரப்பேட்டையில் ஜூஸ் கடை வைத்திருந்த இரண்டு இளைஞர்களின் பெயர் அப்படித்தான் வந்தது. அதற்குப் பிறகு அவர்கள் கடையில் யாரும் ஜூஸ் குடிக்கவில்லை என்று சொல்வது அநியாயம். குடித்தார்கள். டம்ளரை மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள். ஒரு மாதத்தில் கடையில் பூட்டு தொங்கியது. கல்லூரி விரிவுரையாளர் ஒருத்தி வகுப்புக்குள் நுழையும்போதெல்லாம் பையன்கள் பெஞ்சில் தமுக்கடித்தார்கள். அவள் வேலையை விட்டுவிட்டு எந்த ஊருக்குப் போனாள் என்று யாருக்கும் தெரியாது.

"தப்புதான்," என்றார் பூபாலன். "மனசாட்சிப்படி நான் உம்ம பக்கம்."

"அப்ப ஓட்டுக்கு விடும்போது கையத் தூக்குவீங்களா?"

"மனசாட்சிக்குக் கை கிடையாதுய்யா." அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் எந்திரிச்சு 'இந்தச் சட்டத்தை நீக்கணும்'னா, எதிர்க்கட்சிக்காரன் என்ன கேப்பான்? 'பூபாலனுக்கு இதுல என்ன அவ்வளவு அக்கறை?'ன்னு கேப்பான். நான் என்ன பதில் சொல்ல?" சட்டென்று கண்ணைச் சுருக்கினார். "ஆமா, உமக்கு என்ன அக்கறை? யாருக்காகய்யா வந்திருக்கீரு, யாரு உம்ம கட்சிக்காரன்?"

"பேரை வெளிய சொல்ல விரும்பாத ஒருத்தர்."

அது பொய்யில்லை. பேரை வெளியே சொல்ல விரும்பாத ஒருத்தர் இருக்கத்தான் செய்தார். அவர் ஆவுடையப்பனேதான்.

அந்தப் பேர் உலகம்மாள். ஆவுடையப்பனின் சொந்த அக்கா. அம்பாசமுத்திரத்தில் இருக்கிறாள். புருஷன் போய் வெகுநாளாயிற்று. கண் ஆஸ்பத்திரி வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றிருந்தவர் ஞானதுரை, ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். சொட்டு மருந்து விட்ட கண்ணோடு இருவரும் ஒருவரையொருவர் சரியாகப் பார்க்காமலே பேச ஆரம்பித்தார்கள். கண் தெளிந்த பிறகும் பேச்சு நிற்கவில்லை. இப்போது ஒரே வீடு. கல்யாணம் செய்தால் புருஷன் பேரில் வரும் குடும்ப ஓய்வூதியம் அவளுக்கு நின்றுபோகும், ஞானதுரையின் மகன்கள் குதிப்பார்கள். சும்மா இருந்துவிட்டார்கள்.

அக்கா ஏன் விசேஷங்களுக்கு வருவதில்லை என்று மனைவி வீட்டார் கேட்கும்போது, "அக்கா ஆன்மிகத்துல இறங்கிட்டா," என்று சொல்லிவைத்திருந்தார் ஆவுடையப்பன். ஞானதுரை வந்த பிறகு ஒரு தடவைகூட அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

போன வாரம் அவள்தான் கூப்பிட்டாள்.

"ஏல ஆவுடை, சாப்ட்டியா?"

"ஆச்சுக்கா. என்ன விஷயம்?"

"அடுத்த வெள்ளிக்கிழமை எங்க தெருவுக்கு முறையாம். நோட்டீஸ் வந்திருக்கு. நீ பெரிய பெரிய ஆளுகளோட பழகுதியே, என்னன்னு கேளேன்."

ஆவுடையப்பன் அறைக் கதவைச் சாத்தினார். பூபாலனைப் போலவே அவரும். "அக்கா, கொஞ்ச நாளைக்கு அவர அவர் மகன் வீட்டுக்கு அனுப்பி வச்சா..."

"எதுக்கு? ஒளிச்சு வைக்கதுக்கு அவரு என்ன கள்ளச் சாராயமா?"

"சட்டத்தையே நீக்கிரலாம்னு பாக்கேன். ஒரு கட்சிக்காரருக்காகன்னு சொல்லி..."

"யாரு அந்தக் கட்சிக்காரரு? நானா?" அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு சிரிப்பு இல்லாத குரல். "பேசுததுன்னா என் பேரச் சொல்லிப் பேசு. பேரச் சொல்லக் கூச்சமா இருந்தா பேசாமயே இரு. அதுக்கு நாத்தனாரே தேவலை. அது பேரையாவது சொல்லுது."

புதன்கிழமை கூட்டத்தொடரின் கடைசி நாள். அதற்குள் முடிந்தால் உண்டு, இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை தமுக்கு.

பூபாலனைச் சந்தித்த மறுநாள் அவர் பாக்கியசெல்வியைப் பார்த்தார். தீப்பெட்டித் தொழிலாளர் சங்கத்திலிருந்து முதல் தடவையாகச் சட்டமன்றத்துக்கு வந்தவர். அவர் அறை வாசலில் பெயர் மட்டும் இருந்தது. உள்ளே பார்சல் இட்லியைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நான் பேசுதேன்," என்றார் எடுத்த எடுப்பில். "தனி மசோதாவா கொண்டு வாங்க. சபையில நான் நின்னு பேசுதேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். ஒரு பேரு."

"பேரு எதுக்கும்மா?"

"பிரிவு பதினொண்ணு, பிரிவு பதினொண்ணுன்னா எவன் நிமிந்து பாப்பான்? இன்ன ஊரு, இன்ன அம்மா, இந்த வயசுல ஒரு துணை வேணும்னு நினைச்சா, அதுக்குத் தமுக்கடிப்பீங்களான்னு கேக்கணும். அந்தம்மா மேல கேலரியில வந்து உக்காரட்டும். அவங்க மூஞ்சிய நிமிந்து பாத்துட்டு எவனாவது 'இல்லை'ங்கட்டும், பாப்போம்."

ஆவுடையப்பனுக்கு அந்தக் காட்சி கண்ணில் தெரிந்தது. கூப்பிட்டால் அக்கா வருவாள். சந்தேகமே இல்லை. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, ஞானதுரையையும் கூட்டிக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்காருவாள். கீழே நிற்கிற தம்பியைப் பார்த்து, 'ஏல, இங்க வா' என்று கை காட்டுவாள். ஆவுடையப்பனுக்குக் காது மடல் சூடாயிற்று.

"கட்சிக்காரர் கூச்சப்படுறாங்கம்மா," என்றார்.

"அவங்களா கூச்சப்படுதாங்க?"

பாக்கியசெல்வி கையில் இட்லியோடு காத்திருந்தார். ஆவுடையப்பன் சாம்பார் பொட்டலத்தைப் பார்த்தார். அதைக் கட்டியிருந்த நூலைப் பார்த்தார். பார்க்க வேறு ஒன்றும் இல்லாதபோது, தன் தொழிலைப் பார்த்தார்.

"அம்மா, வேற வழி இருக்கு. வழக்கொழிந்த சட்டங்கள் நீக்க மசோதான்னு ஒண்ணு போடலாம். வெட்டுக்கிளி ஒழிப்புச் சட்டம், தோணித்துறைச் சட்டம், ஒட்டகவண்டி வரி... எல்லாத்தையும் அட்டவணையில வரிசையாப் போட்டு, நடுவுல இதையும் சொருகிட்டா யாரும் வாயத் திறக்கவே வேண்டாம். எல்லாருக்கும் நிம்மதி."

"நல்ல காரியத்தைத் திருட்டுப் பொருள் மாதிரி சந்துவழியாக் கொண்டு போவோம்ங்கீங்க."

"போய்ச் சேந்தா சரிதானேம்மா."

"யாருக்கோ ரொம்ப வெக்கமா இருக்கு," என்று சொல்லிவிட்டுப் பாக்கியசெல்வி இட்லியைத் தொடர்ந்து சாப்பிட்டார். மறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை நெருங்குவது அவருக்கும் தெரியும்.

மசோதாவை ஆவுடையப்பனே எழுதிக் கொடுத்தார். பழைய நீக்க மசோதா ஒன்றை எடுத்து, தலையையும் வாலையும் அப்படியே வைத்துக்கொண்டு, நடுவில் அட்டவணையை மாற்றினார். எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். தலையையும் வாலையும் யாரும் படிப்பதில்லை. பூபாலனுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "நடுவுல எது இருக்குன்னு எங்கிட்டச் சொல்லாதீரும்யா. சொன்னா எனக்குத் தெரிஞ்சிரும்," என்றார்.

புதன்கிழமை மத்தியானம் பூபாலன் எழுந்து வெட்டுக்கிளியைப் பற்றிப் பேசினார். வெட்டுக்கிளிகளின் கொடுமை, அதை ஒடுக்கிய கட்சித் தலைவரின் தீரம், தலைவர் பிறந்த பிறகு மாநிலத்தில் வெட்டுக்கிளியே தலைகாட்டாத அதிசயம். தலைவர் பெயர் வரும்போதெல்லாம் மேசைகள் அதிர்ந்தன. விஷயம் தெரிந்தவர்கள் கூரையைப் பார்த்தார்கள், தெரியாதவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அவைத்தலைவர் "ஆம் என்போர்?" என்றார். சாப்பாட்டு நேரத்துக்கே உரிய ஒற்றுமையோடு எல்லோரும் "ஆம்" என்றார்கள். "இல்லை என்போர்?" கேட்கும்போது பாதிப் பேர் வாசலில் இருந்தார்கள்.

'முடிந்தது. இனிமேல் பயம் இல்லை' என்று அக்காவுக்குச் செய்தி அனுப்பினார் ஆவுடையப்பன். 'எம் பேரச் சொன்னியா?' என்று பதில் வந்தது. அவர் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை அவர் பல் தேய்த்துக்கொண்டிருக்கையில் தெருக் கம்பம் முழங்கியது. டண்டணக்கு, டண்டணக்கு. அதே நேரம் கைபேசியும் அடித்தது. பூபாலன்.

"யோவ்! என் தெருவுல தமுக்கடிக்குதுய்யா!"

"நீக்கியாச்சேய்யா..."

"நீக்கினதைத்தான் அடிக்குது! 'சின்னச்சாமி மகன் பூபாலன், மலையடிவாரத் தோட்ட வீடு, பிரிவு பதினொன்றின் கீழ் குறிக்கப்பட்டிருந்த குற்றம் இன்று முதல் நீங்கியது'ங்குதுய்யா! சின்னச்சாமி மகனாம்! ஒரு பட்டம்... ஒரு பட்டம்கூடச் சொல்லலய்யா!" அழுகிற குரல் அது. எதற்கு அதிகமாக அழுகிறார் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. "வீட்ல எம் பொஞ்சாதி 'எந்தத் தோட்ட வீடு?'ன்னு கேக்கா."

வைத்துவிட்டு ஆவுடையப்பன் மசோதாவைத் திறந்து கடைசிப் பத்தியைப் படித்தார். முதல் தடவையாக. 'நீக்கப்படும் ஒவ்வொரு சட்டமும், அதன் கீழான அறிவிப்புகள் எம்முறையில் எவ்விடத்தில் செய்யப்பட்டனவோ, அம்முறையிலேயே அவ்விடத்திலேயே, சம்பந்தப்பட்ட யாவருக்கும் தெரிவிக்கப்படும்.' வெட்டுக்கிளிச் சட்டத்துக்கு அது அரசிதழில் ஒரு வரி. பிரிவு பதினொன்றுக்கு அது தமுக்கு. சம்பந்தப்பட்ட யாவரும் என்றால், முறை வந்தவர்கள் மட்டுமில்லை. நாத்தனார் குறித்துவைத்து இன்னும் முறை வராத எல்லோரும். மாநிலத்தில் எல்லாத் தெருவிலும் ஒரே காலையில்.

அடுத்துப் பாக்கியசெல்வி கூப்பிட்டார். "ஒரே ஒரு பேருதான் கேட்டேன். எல்லாப் பேரையும் குடுத்துட்டீங்க."

"அம்மா, நான் படிக்காம..."

"நீங்க மட்டுமா? சபையில ஒருத்தன் வாய் திறந்து விவாதிச்சிருந்தா, ஒரு தடவை முழுசா வாசிச்சிருப்போம். வாசிக்க வெக்கப்பட்டோம்ல, அதான். எம் பேரும் வந்துது. நானும் எங்கூட இருக்க சிநேகிதியும் பால்கனியில நின்னு கேட்டோம். எதிர்வீட்டுக்காரி பேரும் வந்துது. ரெண்டு பேரும் கை காட்டிக்கிட்டோம். நீங்க போய் உங்க கட்சிக்காரரைப் பாருங்க, போங்க."

ஆவுடையப்பன் காரை எடுத்தார். பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர்; வழி நெடுக ஒவ்வொரு ஊரிலும் தமுக்கு முழங்கிக்கொண்டிருந்தது. ஓர் ஓய்வுபெற்ற தாசில்தார். பெண்கள் விடுதி வார்டன். 'கலாசாரக் காப்புப் பேரவை'யின் மாவட்டச் செயலாளர். பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. முதலில் டீக்கடைகளில் ஜனங்கள் நின்று காது கொடுத்தார்கள். கல்லிடைக்குறிச்சி தாண்டும்போது பார்த்தால், நின்று கேட்க ஆள் இல்லை. கேட்டவர்கள் பெயரும் வந்துவிட்டதால் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அக்கா என்ன பாடுபடுகிறாளோ என்று நினைத்துக்கொண்டே ஓட்டினார். கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே கிடப்பாள். தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்க்கும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போய் அவள் கையைப் பிடிக்க வேண்டும். 'அக்கா, நான் இருக்கேன்' என்று சொல்ல வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை வீரவநல்லூரிலிருந்து ஒத்திகை பார்த்தார். ஒவ்வொரு தடவையும் நன்றாகத்தான் வந்தது.

தெருவில் கூட்டம் இருந்தது. ஆனால் அது வேடிக்கை பார்க்கிற கூட்டம் இல்லை. உலகம்மாள் வாசல் கேட்டைத் திறந்துபோட்டு, தூக்குச்சட்டியிலிருந்து எல்லோருக்கும் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஞானதுரை, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தார். தமுக்கில் பேர் வந்த தினத்தில் நல்ல சட்டை போட வேண்டும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

"உங்க பேரு எட்டு மணிக்கே வந்துட்டு. எம் பேரு இப்பத்தான் வருது. பாத்தீங்களா, இதுலயும் சீனியாரிட்டி," என்று ஒரு நடுத்தர வயதுக்காரர் சொல்ல, தெரு சிரித்தது. உலகம்மாளும் சிரித்தாள். ஆவுடையப்பன் கடைசியாக அவளை இப்படிச் சிரித்துப் பார்த்தது எப்போது என்று அவருக்கு நினைவு வரவில்லை.

காரிலிருந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, தலைநகர் எண் பலகை. எல்லோரும் திரும்பினார்கள். கேட்டின் அருகில் நின்ற இளைஞன் மரியாதையாகத்தான் கேட்டான்.

"வாங்க சார். உலகம்மா அக்காவுக்கு நீங்க என்ன வேணும்?"

அதில் குத்தல் இல்லை. விருந்தாளியிடம் யாரும் கேட்கிற கேள்விதான். ஞானதுரை அதற்குள், வீட்டில் மாட்டியிருந்த படத்தில் பார்த்த முகத்தை அடையாளம் கண்டு, மலர்ந்து கையைத் தூக்கிவிட்டார். சொல்ல வேண்டியது ஒரே சொல். ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். எத்தனையோ பேரின் காதில் எதையெதையோ கூசாமல் போட்ட அந்த வாய், பழக்கத்தில் தன் வேலையைத் தானே செய்தது.

"இல்ல... இந்தத் தெருவுல வீடு வாடகைக்கு இருக்குன்னு சொன்னாங்க. அதான்..."

உலகம்மாள் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். ஞானதுரையின் தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. அவள் அவர் மணிக்கட்டை லேசாகத் தொட்டாள். கை இறங்கியது. தம்பியை அவள் முழுதாக ஒரு தடவை பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவர் பிழைத்திருப்பார்.

"இங்க வீடு எதுவும் காலி இல்லைங்களே," என்றாள். "நாங்க ரெண்டு பேரு இருக்கோம்."

பிறந்த நாளிலிருந்து அவள் அவரை 'ஏல' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

"வெயில்ல வந்திருக்கீங்க. காபி குடிக்கீங்களா?"

"இல்லீங்க, இருக்கட்டும்," என்றார் ஆவுடையப்பன்.

கார்க் கதவு வரைக்கும் நடந்தது அவருக்கு நினைவில்லை. கதவைத் திறக்கும்போது பின்னால் அந்த இளைஞன் கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

"யாருக்கா அது? உங்களத் தெரிஞ்ச மாதிரி பாத்தாரே?"

"தெரியலப்பா," என்றாள் உலகம்மாள். காபி ஊற்றுகிற சத்தம் கேட்டது. "பாவம், வீடு கிடைக்காம அலையுதாரு போல."